மரியாதைப் பன்மை

“வாங்க, உக்காருங்க” என்று பொது மேலாளர் சொன்னதுதான் தாமதம், கணக்குப் பிரிவுப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

“நான் என்ன சார் தப்பு பண்ணேன்?”

தப்பு பண்ணியவர் பொது மேலாளர்தான். மனசுக்கே தெரியாமல் மனசுக்குள் குடியிருக்கும் பாரபட்சத்தைப் பற்றி, காலையில் மேலதிகாரிகளுக்கு ஒரு பயிற்சி. பயிற்சியாளர் இவருடைய பழைய கூட்டமொன்றின் ஒலிப்பதிவை எல்லார் முன்னாலும் ஓடவிட்டார். ஆண்களுக்கெல்லாம் “சொல்லுங்க”. பெண்களுக்கெல்லாம் “சொல்லும்மா”. தன்னைத் தங்கமான மனுஷன் என்று நம்பியிருந்தவர் நாற்காலியோடு நாற்காலியாகச் சுருங்கிப்போனார்.

வெளியே வந்தால் முதலாளி.

“டேய், இனி உன்மேல ஒரு புகார் வரட்டும், சீட்டைக் கிழிச்சுடுவேன். போ!”

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதலாளிக்கு அவர் “டேய்”தான். அந்த “டேய்” இருக்கும்வரை வேலையும் இருக்கும் என்பது அவர் கணக்கு.

“தப்பே இல்லைங்க. தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் இப்போது அந்தப் பெண்ணிடம்.

“ஐயோ! கிடங்குக்காரரை வேலையை விட்டு அனுப்பினப்பவும் இதையேதான சார் சொன்னீங்க? ‘வாங்க, உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா’ன்னு!”

விசும்பிக்கொண்டே தன் மேஜையைக் காலி பண்ணக் கிளம்பிவிட்டார் அந்தப் பெண்.

சரி, “நீ”யும் வேண்டாம், “நீங்க”ளும் வேண்டாம். அடுத்து வடிவமைப்புப் பிரிவுப் பெண் வந்தார்.

“வரலாம். உக்காரலாம். வேலையெல்லாம் எப்படிப் போகுது?”

“யாரு வேலை சார்?”

“இங்க உக்கார்ந்திருக்கிற ஆளோட வேலை.”

அவர் திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். யாருமில்லை.

“சார், பிரஷர் மாத்திரை போட்டீங்களா இல்லையா?” என்று கேட்டபடியே கதவை நோக்கிப் பின்பக்கமாகவே நடந்து மறைந்தார்.

பெண்களை உயர்த்தினால் அழுகிறார்கள். நடுவில் நிறுத்தினால் ஓடுகிறார்கள். ஆண்களை இறக்கினால் சமமாகிவிடுமே! பாவம், அந்த நேரம் பார்த்து விற்பனைத் தலைவர் உள்ளே வந்தார். இவரைவிட வயதில் மூத்தவர்.

“வாப்பா. சொல்லுப்பா.”

“யாருய்யா உனக்கு அப்பா? தலையெல்லாம் நரைச்சு நிக்கிறேன், வாப்பாவாம் போப்பாவாம்!”

அவர் கதவை அறைந்து சாத்திய வேகத்தில் சுவர்க் கடிகாரம் கோணிக்கொண்டது. பொது மேலாளர் கண்ணாடித் தடுப்பு வழியே பார்த்தார். விற்பனைத் தலைவர் நேராக முதலாளி அறைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அட்டைப்பெட்டியும் கையுமாகக் கணக்குப் பெண். அவருக்குப் பின்னால் வடிவமைப்புப் பெண்.

தொலைபேசி அடித்தது. முதலாளி அழைக்கிறாராம்.

நடந்தார். என்ன ஆகிவிடும்? “டேய் மடையா” என்று நாலு வார்த்தை கத்துவார். கத்தட்டும். அந்த “டேய்” மட்டும் காதில் விழுந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம்.

கதவைத் திறந்தார். முதலாளி எழுந்து நின்றார்.

“வாங்க சார், உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?”