வாசலடி அண்ணையும் வழிமறித்த பூத்தொட்டிகளும்

ஜெர்மனியின் ஆஹென் நகரத்தில் ஒரு தமிழன் நூறடிக்கு மேல் நடந்து போனான் என்றால், அன்று வாசலடி அண்ணை ஊரில் இல்லை என்று அர்த்தம்.

அவருடைய உண்மைப் பெயர் கதவில் ஒட்டியிருந்தது. அவர் வீட்டு மாடி அறையில் தங்கித்தான் நான் என்ஜினியரிங் மேல்படிப்பு படித்தேன். அந்தப் பெயரை யாரும் சொல்லி ஒருநாளும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்து, தொழிற்சாலையில் உழைத்து ஓய்வுபெற்றவர். யாரைக் காரில் ஏற்றினாலும் வீட்டு வாசலடியில்தான் இறக்குவார். "இந்த முனையில நிறுத்துங்கண்ணே, போதும்" என்ற பேச்செல்லாம் அவரிடம் செல்லாது.

வந்த முதல் வாரம், எதிர்ப்பக்கத்து ரொட்டிக் கடைக்குக் கிளம்பினேன்.

"எங்கை தம்பி?"

"இதோ, எதிர்ல பேக்கரிக்குண்ணே."

"நடந்தோ? ஏறுங்கோ!"

ஏறினேன். காரை முன்னும் பின்னுமாக நாலு தடவை ஒடித்துத் திருப்பி, தெருவைக் கடந்து, கடை வாசலில் இறக்கினார். என்னை நடக்க முடியாத நோயாளி என்று நினைத்த கடைக்காரப் பெண், ரொட்டியை வெளியே கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நன்றி சொல்லும்போது கொஞ்சம் நொண்டியும் வைத்தேன், வேறு வழியில்லை.

அண்ணையின் முக்கியமான பயணி திரேசா அக்கா. மன்னார்க்காரர், முழங்கால் வலி, கைத்தடி. அதே தெருவில் ஒன்பது வீடு தள்ளித் தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் நெற்றி நிறைய விபூதியோடு அண்ணை அவரைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய், பூசை முடியும்வரை வெளியே காத்திருந்து, வாசலில் கொண்டுவந்து விடுவார்.

எங்கள் தெருவுக்கு ஒரு வியாதி இருந்தது. பெரிய சாலையில் நெரிசல் என்றால் ஊரிலுள்ள கார்களெல்லாம் குறுக்குவழியாக இதற்குள் புகுந்து பறக்கும். அதனால் நகராட்சி, ஆறு மாதச் சோதனை முயற்சி என்று சொல்லி, நடுத்தெருவில் இரண்டு பெரிய பூத்தொட்டிகளை வைத்தது. நடப்பவர்களும் சைக்கிள்களும் போகலாம், கார் போகக்கூடாது. தொட்டிகள் வந்து உட்கார்ந்த இடம், அண்ணை வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் சரியாக நடுவே.

சம்பந்தி வீட்டில் அவமானப்பட்டவர் போல அண்ணை அவற்றின் முன் நின்றார். "இனி அக்காவை நான் எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறது?"

சுற்றித்தான் போனார். மூன்று சிக்னல், ஒரு பாலம், பன்னிரண்டு நிமிடம். அவர் கிளம்புவதை ஜன்னலில் பார்த்துவிட்டு அக்கா தேநீர் போடுவார், குடிப்பார், கோப்பையைக் கழுவியும் வைப்பார். அதற்குப் பிறகுதான் கார் வந்து நிற்கும்.

தொட்டிகளை எடுக்கச் சொல்லி நகராட்சிக்கு ஓர் அன்ட்ராக் எழுதவைத்தார். அந்த மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார், காரில் போய்.

மூன்றாவது ஞாயிறு போன் அடித்தது. "தம்பி! அக்காவைக் காணேல்லை! கதவு பூட்டிக்கிடக்கு!"

பதறிக் கீழே ஓடினேன். எங்கள் வீட்டுப் படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"நான் நடந்துதான் வந்தனான். முந்தி இந்த ரோட்டிலை கால் வைக்கவே பயம். இண்டைக்கு நடு ரோட்டாலை ராசாத்தி மாதிரி வந்தன்!"

பன்னிரண்டு நிமிடம் கழித்து அண்ணை வந்து சேர்ந்தார். "விழுந்திருந்தா?"

"விழேல்லையே!"

என்னையும் ஏற்றிக்கொண்டு தேவாலயத்துக்கு விட்டார். அக்கா உள்ளே போன பிறகு, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் இந்த ஊருக்கு வந்து இறங்கேக்கை ஸ்டேசனுக்கு ஒருத்தரும் வரேல்லை தம்பி. கையிலை ஒரு விலாசத் துண்டு. சப்பாத்துக்குள்ளை ஸ்னோ. விடிய இறங்கினவன், மத்தியானம்தான் வீட்டைக் கண்டுபிடிச்சனான். ஒராளை நடக்க விட்டா, கைவிட்ட மாதிரி இருக்கு எனக்கு."

அதுவரை அவரை வைத்து நான் நண்பர்களிடம் அடித்த கிண்டலையெல்லாம் அன்றோடு நிறுத்தினேன்.

ஆறு மாதம் முடிந்து, பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். அக்காவையும் அவர்தான் சுற்றிப்போய் அழைத்து வந்தார். உள்ளே நுழையும்போது அக்கா அவரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, தொட்டியை எடுத்தினமெண்டால் நான் திரும்பவும் ஜன்னலடியிலைதான்."

எதிர்ப்பவர்கள் பேசலாம் என்றார் அதிகாரி அம்மாள். கையெழுத்துத் தாள்களோடு அண்ணை எழுந்தார். முன்வரிசையில் அக்கா கைத்தடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தார். அண்ணை தாளைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு ஜெர்மனில் சொன்னார்: "தொட்டி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பெஞ்ச் போட வேண்டும். அக்கா பாதி வழியில் உட்காருவதற்கு."

"அப்படியானால் கையில் இருக்கும் காகிதம்?" என்றார் அதிகாரி.

"பெஞ்ச் ஈரமாக இருந்தால் விரிக்க!"

தொட்டிகள் நிலைத்தன, பெஞ்சும் வந்தது. ஞாயிறுகளில் அண்ணை ஒன்பது வீடு நடந்து போய், அக்காவின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு, நடுத்தெருவில் கூட்டிவருவார். கையில் கார் சாவி மட்டும் எப்போதும் இருக்கும். அதை அவரால் விட முடியவில்லை.

இப்போது எனக்கு நாட்டின் மறுகோடியில், கார்ஹிங்கில் வேலை. ரயிலடியிலிருந்து அறைக்குப் பத்து நிமிட நடை. ஆஹெனிலிருந்து அண்ணையால் வர ஏலாது. அதனால் நான் வேலை விட்டு இறங்கும் நேரம் பார்த்துப் போன் பண்ணுவார். தெருப்பெயர் கேட்பார், குளிர் கேட்பார், கடைசியில் "வாசலடிக்கு வந்திட்டியளோ?" என்பார். கதவு திறக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் போனை வைப்பார்.

சில நாள் சாவியைக் கையில் எடுத்தும், கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறேன்.