நாக்குப் பண்டிதர் வீட்டுத் திருநாள்

புத்தகம் படித்துப் பண்டிதர் ஆனவர்களை நான் மதிக்கிறவன். நாலாம் வகுப்புக்கு மேல் எனக்கு வாய்க்கவில்லை என்பதால் கொஞ்சம் தள்ளி நின்று மதிக்கிறேன். ஆனால் எங்கள் பெல்கிரேடில் இப்போது வேறொரு இனம் கிளம்பியிருக்கிறது. இவர்கள் படித்ததெல்லாம் நாக்கால். தேர்வு எழுதியதும் நாக்கால். தங்களுக்குத் தாங்களே பட்டம் கொடுத்துக்கொண்டதும் அதே நாக்கால்தான். நான் வைத்திருக்கும் பெயர் நாக்குப் பண்டிதர்.

எப்படி அடையாளம் காண்பது? ஒரு சிரமமும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, உழைக்கிற ஜனம் சாப்பிட்டு முடித்த பிறகு, உழைக்காத ஜனம் எழுந்திருக்கிற நேரத்தில், டோர்ச்சோல் பக்கம் போங்கள். பழைய பட்டறை ஒன்றின் காரை உதிர்ந்த சுவரை அப்படியே விட்டுவிட்டு, அதற்கும் சேர்த்துக் காசு வாங்குகிற ஒரு கடை இருக்கும். உள்ளே கணப்பு எரியும், ஆனாலும் கம்பளிக் குல்லாயைக் கழற்றாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் ஒரு கோப்பை பீர். நாமாக இருந்தால் குடித்திருப்போம். அவர் குடிக்க மாட்டார். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், பிறகு சுழற்றுவார், மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வார், கண்ணைத் திறந்ததும் போனை எடுப்பார், பக்கத்து மேசைக்காரரின் தட்டு படத்தில் விழுகிறதென்று அதை நகர்த்தச் சொல்வார், நாற்காலிமேல் ஏறி உச்சியிலிருந்து ஒன்று எடுப்பார், இறங்கி உட்கார்ந்து ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு, பிள்ளை பெற்றவரைப் போல மூச்சு விடுவார்.

"முதல்ல பம்பளிமாஸ் தோலு... அப்புறம் மழையில நனைஞ்ச பைன் மரம்... கடைசியில, ரொம்ப லேசா, குதிரைச் சேணம்."

குதிரைச் சேணத்தை இவர் எப்போது நக்கினார்? கேட்கக் கூடாது. கேட்டால், "இதெல்லாம் எல்லாருக்கும் புரியாது" என்பார்.

குளிர்காலம் வந்தால் சூடான காக்டெய்ல். சர்க்கரையைக் கருக்கி, அதில் ரக்கியா என்கிற பிளம் பழச் சாராயத்தை ஊற்றிக் கொதிக்கவைத்து, சளி பிடித்தவனுக்குக் கொடுத்துக் கம்பளியைப் போர்த்தி விடுவது எங்கள் நாட்டு வழக்கம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் டீ. அதே டீயைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து, உள்ளே புகை ஏற்றி, காய்ந்த ஆரஞ்சு வில்லை ஒன்றைச் செருகி நீட்டினால் பண்டிதருக்குக் கண் கலங்குகிறது. படம் எடுத்து முடிப்பதற்குள் சூடான காக்டெய்ல் ஆறிப்போயிருக்கும், குளிர்ந்த பீர் சூடாகியிருக்கும். ஒரே மேசையில் இரண்டையும் கெடுக்கிற வித்தை வேறு யாருக்கு வரும்?

சாப்பாட்டுக்குப் பெயர் பிரன்ச். காலைச் சாப்பாட்டுக்குப் பிந்தி, மதியச் சாப்பாட்டுக்கு முந்தி, இரண்டு சாப்பாட்டின் விலையில் அரைச் சாப்பாடு.

இதைச் சொல்ல நீ யார் என்று கேட்பீர்கள். மாவு மூட்டை தூக்கிக்கொண்டு இந்த நகரத்துக்குள் வந்தவன் நான். இன்று எனக்கு மூன்று ரொட்டிக்கடைகள். காலையில் என் கடைப் புரெக்குக்கு, அதாவது பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டிக்கு, நிற்கிற வரிசையைப் பார்த்து, டிராம் நிறுத்தம் என்று நினைத்து வந்து சேர்ந்துகொள்கிறவர்களும் உண்டு. அவர்களும் புரெக் வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

என்னிடம் ஒரு பண்டிதர் சொந்தமாகவே இருக்கிறார். பெயர் ஓக்ன்யென். விளம்பரக் கம்பெனியில் வேலை. அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்தி நின்ற ஞானத்தகப்பன் நான்தான். அன்றைக்கே தண்ணீரைச் சப்புக்கொட்டிப் பார்த்தான். எனக்குத்தான் அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் என் கடைக்கு வந்து புரெக்கை ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணை மூடினான்.

"மாமா, இந்த மாவுல ஒரு சோம்பல் தெரியுது."

"சோம்பல் மாவுலயாடா, உன் உடம்புலயா?"

"நீங்க கோவிச்சுக்கறீங்க. நான் நுணுக்கமாச் சொல்றேன்."

"நுணுக்கமாச் சாப்பிட்டுட்டுக் கிளம்பு. பின்னால ஆள் நிக்குது."

இது வரைக்கும் சிரித்துக்கொள்ளலாம். அவன் அப்பா ரத்தோமிர் டிராம் ஓட்டியவர், என் கூட்டாளி, இரண்டு வருடம் முன்பு போய்ச் சேர்ந்தார். அந்த வீட்டுக்குப் புனித நிக்கோலா குலப்புனிதர். ஒவ்வொரு டிசம்பரிலும் கராபுர்மாவில் உள்ள அந்த நாலாம் மாடி வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, நோன்புக் காலம் என்பதால் மீனும் பீன்ஸும் சமைத்து, கதவைத் திறந்து வைப்பார்கள். குலப்புனிதர் திருநாளுக்கு எங்களில் யாரும் யாரையும் அழைப்பதில்லை. வருகிறவன் வருவான். வீட்டுத் தலைவன் நாள் முழுக்க உட்காராமல் நின்று ஊற்றிக் கொடுப்பான். ஆட்கள் வந்துகொண்டிருக்கிற வரைக்கும் அது ஒரு வீடு. வருவது நின்றுபோனால் வெறும் நாலு சுவர்.

கணவர் போன பிறகு தேசாங்காதான் அதை நடத்தி வந்தாள். இந்த வருடம் மகன் கையில் கொடுத்தாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? அப்பாவின் சிநேகிதர்கள் அத்தனை பேர் போனுக்கும் ஒரு படம் அனுப்பினான். 'குலப்புனிதர் பிரன்ச். டோர்ச்சோலில். பதினொன்று முதல் இரண்டு வரை. மூன்று வகை கிராஃப்ட் பீர், ஒரு சூடான காக்டெய்ல். இடம் குறைவு, பெயரைப் பதிவு செய்யவும்.'

ரத்தோமிர் வீட்டுக்குக் கீழே, மூன்றாம் மாடியில் இருக்கும் தனாசியே என்பவர் என் கடைக்கு வந்து போனை மாவுமேல் வீசினார்.

"என்னைக் கூப்பிட்டிருக்கான்யா! கூப்பிட்டு விட்டிருக்கான்! அப்போ இத்தன வருஷம் கூப்பிடாமப் போனேனே, அது என்ன பிச்சைக்கா?"

"சின்னப் பையன், விடுங்க."

"பேரைப் பதியணுமாம். ரத்தோமிர் வீட்டுக்குப் போக நான் பேரைப் பதியணுமா? நான் போகல. யாரும் போக மாட்டாங்க, பாத்துக்கோ."

அன்று மாலையே தேசாங்கா வந்தாள். கடை மூலையில் நின்றுகொண்டு கைக்குட்டையைப் பிசைந்தாள்.

"அண்ணே, எல்லாரும் கோவத்துல இருக்காங்க. ஒரு வருஷம் கதவு அடைச்சுக் கிடந்தா அடுத்த வருஷம் யாரு படியேறுவா? அவரு வீடு என் காலத்துலயே முடிஞ்சிடும்."

"மகன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அம்மா, உன் மீனுக்கு ஏத்த பீர் இல்ல'ங்கறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான் மெழுகுவத்திய வீட்டுலதான் ஏத்துவேன். நீங்க நாலு பேர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா அதுவும் கூப்பிட்டதா ஆயிடும், தேசாங்கா."

கைக்குட்டையை மடித்துவைத்தாள். "அதுவும் சரிதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்த நகரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னால் ஓடி வருகிற ஆட்கள் எத்தனையோ பேர். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொல்ல முடியவில்லை.

திருநாள் அன்று மழை. ஞானத்தகப்பன் என்ற முறைக்கு முதலில் டோர்ச்சோலுக்குப் போனேன். நீளமான மேசை. ஒரு பாதியில் அவனுடைய பண்டிதர் சபை, குல்லாயோடு. மறுபாதியில் பெரியவர்களின் பெயர் எழுதிய அட்டைகள் மட்டும். தனாசியே அட்டையாக வந்திருந்தார். நோன்பு நாளில், புனிதர் படத்துக்கு நேர் எதிரே, முட்டையும் பன்றி இறைச்சியும் வழிந்துகொண்டிருந்தன. நடுவில் ஒரு ரொட்டி. மூன்று கடை வைத்திருக்கும் ஞானத்தகப்பன் இருக்க, யாரோ ஒருவன் சுட்டது.

"ஓக்ன்யென், உன் புனிதர் இருந்தா இதுல எதைக் குடிப்பாரு?" என்றது ஒரு குல்லாய்.

"கறுப்பு பீர்தான். தாடிக்கு அதான் பொருத்தம்" என்றது இன்னொன்று.

சிரித்தார்கள், படம் எடுத்தார்கள், சேணத்தைத் தேடினார்கள். இரண்டு மணி ஆகுமுன்பே ஒருவன் போனைப் பார்த்துத் துள்ளினான். "ஜெமூன்ல புதுப் பீப்பா திறக்கறாங்களாம்டா!" அவ்வளவுதான். கோட்டை மாட்டிக்கொண்டு, திருநாள் வாழ்த்துக்கூடச் சொல்லாமல், சபை எழுந்து போய்விட்டது.

ஓக்ன்யென் அட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திருநாளில், வீட்டுத் தலைவன், உட்கார்ந்திருந்தான்!

"மாமா, மத்தவங்கல்லாம் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் யாரையும் கூப்பிடல."

"அம்மாகூட வரல."

"மெழுகுவத்திய எரிய விட்டுட்டு எப்படி வருவா?"

அவன் முகம் மாறியது. "வீட்டுல ஏத்திட்டாங்களா? அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்லாமலும் இருக்கலாம். அவ தனியா உக்காந்துட்டிருக்கலாம். நான் போய்ப் பாக்கறேன். உனக்கு இரண்டு மணி வரைக்கும் இடம் இருக்கே, இரு."

நான் டிராமில் ஏறியபோது அவனும் ஏறினான். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் பிறந்ததிலிருந்து வாயை மூடி நான் பார்த்த முதல் நாள்.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. முதல் மாடி காலி. இரண்டாம் மாடியும் காலி. என் மார்பு அடித்துக்கொண்டது, படியேறியதால் அல்ல. எனக்கு இன்னும் எட்டு மாடி ஏறத் தெம்பு உண்டு. மூன்றாம் மாடி திரும்பியதும் ஒரு குடை, விரித்தபடி, சொட்டிக்கொண்டு. அடுத்த படியில் இன்னொன்று. அதற்கு மேல் கால் வைக்க இடமில்லை, நாலாம் மாடிவரை ஈரக் குடைகள்.

கதவு திறந்திருந்தது. உள்ளே அத்தனை பேரும், யாரும் கூப்பிடாமலே. ஒருவரும் சாப்பிடவில்லை. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் முழு ரொட்டி, வெட்டாமல். பத்து மணியிலிருந்து வெட்ட விடாமல் காவல் நின்றிருக்கிறாள் தேசாங்கா. வீட்டுத் தலைவன் வந்துதான் வெட்ட வேண்டுமாம். மீன் ஆறிப்போயிருந்தது.

தனாசியே முதலில் வாயைத் திறந்தார். "வாங்க, வீட்டுக்காரரே! உள்ள வரப் பேரைப் பதிவு பண்ணிட்டீங்களா?"

வீடு அதிரச் சிரிப்பு. ஓக்ன்யென் குல்லாயைக் கழற்றினான். அதற்குள்ளே முடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரொட்டியைத் தூக்கினான். நான் ஒரு பக்கம் பிடித்தேன், தனாசியே மறுபக்கம். மூவரும் அதைக் கையிலேயே சுழற்றினோம். அடிப்பக்கம் சிலுவையாகக் கீறினான். ஒயின் கோப்பையை எடுத்தான், ரொட்டிமேல் ஊற்ற வேண்டும்.

எடுத்த கை நின்றது. கோப்பை மெல்ல மூக்கை நோக்கிப் போயிற்று. கண் பாதி மூடியது. உதடு பிரிந்தது. பசியோடு நின்ற அத்தனை பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"ஊத்துடா" என்றாள் தேசாங்கா.

ஊற்றினான்.

அதன்பிறகு இருட்டும்வரை அவன் உட்காரவில்லை. சூடான ரக்கியாவை ஒவ்வொருவருக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தான். தனாசியே கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி, "லேசா குதிரைச் சேணம்..." என்றார். அந்தக் கதையை ஊர் முழுக்கப் பரப்பியிருந்தவன் நான்தான். மறுக்க மாட்டேன்.

திருந்திவிட்டானா என்கிறீர்களா? அடுத்த ஞாயிறே டோர்ச்சோலில், அதே நாற்காலிமேல். ஆனால் அடுத்த டிசம்பருக்குக் கதவு திறந்திருக்கும். அதுபோதும்.

நீங்கள் இவ்வளவு நேரம் நன்றாகச் சிரித்தீர்கள். அந்த இனம் நமக்குத் தூரம் என்று ஒரு நிம்மதி. இருக்கட்டும். உங்கள் பக்கத்தில் ஒரு கோப்பை இருக்குமே, காபியோ டீயோ? கொண்டுவந்து வைத்தவர் வைத்துவிட்டுப் போய் எவ்வளவு நேரம் ஆயிற்று? தொட்டுப் பாருங்கள்.

ஆறிப்போயிருக்கிறதா?