புழுக்கையில் பழுத்த தலைக்கவசம்

பாண்டெலிஸ் வந்து சேர்ந்தபோது பொக்லைன் நின்றுவிட்டிருந்தது. அதன் நிழலில் டிரைவர் அக்ரோன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். குழியின் ஓரத்தில், ஒரு சிமெண்ட் மூட்டையின் மேல், பச்சை பூத்த வெண்கலத் தலைக்கவசம் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் சம்பந்தி அனெஸ்டிஸ், துக்க வீட்டில் நிற்பவர் போல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொல்லியல் ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன், சம்பந்தி," என்றார். "ரெண்டு மணிக்கு மேல ஆள் அனுப்பறாங்களாம். அதுவரைக்கும் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் தொடக்கூடாது."

பாண்டெலிஸ் பதறிப்போனார். கிரேக்க நாட்டின் தீவா வட்டாரத்தில் அந்த ஆபீசுக்குப் போன் போனால் என்ன ஆகும் என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். மண்ணுக்குள்ளிருந்து உடைந்த பானை ஒன்று எட்டிப் பார்த்தாலே போதும், வேலை நிற்கும், சுற்றிக் கயிறு கட்டுவார்கள், அப்புறம் தூரிகையால் தட்டித் தட்டிக் கீழே போவார்கள். சந்தைக்குப் பின்னால் வீடு கட்டத் தொடங்கிய வக்கீல் ஒருவர் கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தபடியே கிழவராகிப் போனார். முழுத் தலைக்கவசம் கிடைத்தால் எவ்வளவு நாள் ஆகும் என்று யாரும் சொல்ல முடியாது.

வீடோ மகள் தெஸ்பினாவுக்கு. செப்டம்பரில் கல்யாணம். மனை பாண்டெலிஸ் கொடுத்த சீர், கட்டடம் சம்பந்தியின் செலவு. மகளின் சமையலறை ஜன்னல் தன் தோட்டத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று என்ஜினியரிடம் கெஞ்சி வரைபடத்தையே மாற்றி வைத்திருந்தார் பாண்டெலிஸ். இருப்பது ஒரே மகள். அவள் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஆனால் இதில் பதறுவதற்கு ஒன்றுமில்லை. ஏனென்றால் அந்தத் தலைக்கவசம் அவருடையது. மூன்று மாதத்துக்கு முன்னால் அவரே புதைத்தது.

ஊரில் ஒரு சங்கம் உண்டு. முன்னோர்கள் பாரசீகப் படையை விரட்டியடித்த போரை வருஷா வருஷம் கோடையில் வயல்வெளியில் நடத்திக் காட்டுவார்கள். தீவாக்காரர்களின் முன்னோர் அந்தப் போரில் பாரசீகர் பக்கம் நின்றவர்கள் என்பதைச் சங்கத்தில் யாரும் பேசுவதில்லை. டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கும் பாண்டெலிஸ் பல வருஷமாக அங்கே கடைசி வரிசை. முன்வரிசைக்குப் போவதென்றால் சங்கத் தலைவர் செனோஃபோன் மனசு வைக்க வேண்டும். அவர் பல் டாக்டர். யாருடைய கேடயத்தையும் ஒரு பார்வை பார்த்து, "இது சொத்தை" என்று சொல்லிவிடுவார்.

பாண்டெலிஸ் கணிசமாகச் செலவு செய்து இந்தியாவிலிருந்து தலைக்கவசம் வரவழைத்தார். கன்னத்தகடு, மூக்குத்தகடு எல்லாம் கச்சிதம். டாக்டர் அதைப் பார்த்து, பீன்ஸ் சூப் வைக்கிற சட்டி மாதிரிப் பளபளக்கிறதே என்றார். முன்வரிசை போயிற்று.

மானம் போன மனிதர் வினிகர் வாங்கினார். உப்பு வாங்கினார். சம்பந்தி வீட்டு ஆட்டுக் கொட்டிலிலிருந்து யாருக்கும் தெரியாமல் ஒரு வாளி புழுக்கை அள்ளிவந்தார். மூன்றையும் குழைத்துத் தலைக்கவசத்தில் அப்பி, மனையின் ஓரத்தில் பாதாம் மரத்தடியில் புதைத்தார். மனைவி அர்கிரோ பார்த்துக்கொண்டே நின்றாள். போர் நடந்த அன்றைக்கு அவர்கள் தலையில் இருந்ததும் புதுசாகத்தானே இருந்திருக்கும் என்று கேட்டாள். இந்த மாதிரி விஷயமெல்லாம் உனக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு மண்ணை மிதித்து மூடினார்.

பொக்லைன் வருவதற்கு முன்பு எடுத்துவிட வேண்டும் என்றுதான் இருந்தார். அக்ரோனுக்கு வேறோர் இடத்தில் வேலை தள்ளிப் போனதால் முன்கூட்டியே வந்துவிட்டான்.

"சம்பந்தி," என்றார் பாண்டெலிஸ், "அது என்னோடது. நான்தான் புதைச்சேன்."

அனெஸ்டிஸ் அவரை நெடுநேரம் பார்த்தார். சுங்கத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பிரேயஸ் துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்து பார்த்தே தலை நரைத்தவர்.

"பழைய பொருள் கையில இருந்தும் சொல்லாம மறைச்சு வச்சீங்களா?"

"பழைய பொருள் இல்ல. போலி."

"கஸ்டம்ஸ்ல எல்லாரும் போலின்னுதான் சொல்வாங்க, சம்பந்தி. அசல்னு சொன்ன கடத்தல்காரனை நான் பார்த்ததே இல்ல."

பாண்டெலிஸ் செல்போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். சாப்பாட்டு மேசையில், அரிசி அடைத்த தக்காளித் தட்டுக்குப் பக்கத்தில், தலைக்கவசம் தங்கம் போல் மின்னிக்கொண்டிருந்தது. அனெஸ்டிஸ் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் படத்தைப் பார்த்தார், சிமெண்ட் மூட்டையைப் பார்த்தார். உங்களிடம் மஞ்சளாக ஒன்று இருந்தது என்பதற்குத்தான் இது சாட்சி, இங்கே இருப்பது பச்சை என்றார். அடுத்த படத்தில் பாண்டெலிஸ் அதை அணிந்து உள்பனியனோடு குளியலறைக் கண்ணாடி முன் நின்றிருந்தார். சம்பந்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். செல்போனைத் திருப்பிக் கொடுத்தார்.

விவரம் தெரிந்த ஒருவர் வந்து சொன்னால் நம்புவீர்களா என்று பாண்டெலிஸ் கேட்டார். நம்புவேன் என்றார் அனெஸ்டிஸ். பாண்டெலிஸ் டாக்டருக்குப் போன் போட்டார். போலியைப் போலி என்று சொல்வதில் டாக்டர் செனோஃபோனைப் போல் ஊரில் ஆள் கிடையாது. அவமானத்துக்கு அவமானம்தான், ஆனால் வீடு பிழைக்கும்.

டாக்டர் வெள்ளைக் கோட்டோடு வந்தார். நாற்காலியில் யாரோ வாயைத் திறந்தபடி காத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே குனிந்தவர், பேச்சை நிறுத்தினார். பையிலிருந்து பல் பார்க்கும் சின்னக் கண்ணாடியை எடுத்துத் தலைக்கவசத்துக்குள் விட்டுப் பார்த்தார். ஓரத்தை நகத்தால் மெல்லத் தட்டிக் காதைக் கொடுத்தார். நெற்றியில் இருந்த ஒடுக்கில் விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது அசல்," என்றார். குரல் கம்மியிருந்தது. "ஈட்டி பட்டிருக்கு. இந்த அடியிலதான் செத்திருப்பான், பாவம்."

"அது சமையலறை அலமாரியிலேர்ந்து விழுந்து ஒடுங்கினது, டாக்டர்."

"இப்படி ஒரு பச்சை ரெண்டாயிரம் வருஷம் மண்ணுல கிடந்தாத்தான் வரும்."

"வினிகரும் ஆட்டுப் புழுக்கையும்."

டாக்டர் அவரைக் கருணையோடு பார்த்தார். புதுசு என்றால் உள்ளே தோல் பட்டை இருக்குமே என்றார். அது மட்கிப் போயிருக்கும், இந்தியத் தோல் என்றார் பாண்டெலிஸ்.  இத்தனை வருஷத்தில் டாக்டர் பாண்டெலிஸின் பொருள் ஒன்றைத் தொட்டுக் கலங்கியது இதுதான் முதல் தடவை. அந்தப் பெருமையை அனுபவிக்கக்கூட விடாமல் மகளின் வீடு குறுக்கே நின்றது.

டாக்டர் அதோடு விடவில்லை. இப்பேர்ப்பட்ட பொருளை காவல் இல்லாமல் விட்டுவைக்கக்கூடாது என்று சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். சற்று நேரத்தில் பேக்கரிக்காரரும் கணக்கு வாத்தியாரும் மார்புக்கவசம், கால்கவசம், கேடயம், ஈட்டி சகிதம் வந்து இறங்கி, குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகக் காவல் நின்றார்கள். வெயிலில் வெண்கலம் கொதித்தது. அக்ரோன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான். கணக்கு வாத்தியார் தன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் குடிக்கப் பார்த்து மார்பெல்லாம் நனைத்துக்கொண்டார்.

தெஸ்பினா ஸ்கூட்டரில் வந்தாள். காவலர்களைத் தாண்டிக் குழியை எட்டிப் பார்த்தாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. அதுதான் பாண்டெலிஸுக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, மெல்போர்ன்ல ஸ்டெர்யோஸோட சித்தப்பா கடையில எங்க ரெண்டு பேருக்கும் வேலை இருக்காம். கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள். "இங்கே வீடு இல்லேன்னா நாங்க கிளம்பறோம். யாரு மேலயும் வருத்தம் இல்ல."

மாப்பிள்ளை ஸ்டெர்யோஸ் அனெஸ்டிஸுக்கு ஒரே மகன்.  கிழவர் பையில் இருந்த செல்போனைத் தொட்டார், கையை எடுத்துக்கொண்டார். சட்டம் சட்டம்தான் என்றார், யாரிடமென்று இல்லாமல்.

மெல்போர்னுக்கு விமானத்தில் ஒரு பகல் ஓர் இரவு. பேரப்பிள்ளை பிறந்தால் செல்போன் திரையில்தான் பார்க்க வேண்டும். பாண்டெலிஸ் விறுவிறுவென்று தன் வேனுக்குப் போய், டிராக்டர் அச்சைக் கழற்றும் பெரிய சம்மட்டியோடு திரும்பி வந்தார். கணக்கு வாத்தியார் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார். ரப்பர் முனைதான், தள்ளிவிட்டுப் போனார்.

"என்ன பண்றீங்க?" என்றார் டாக்டர்.

பாண்டெலிஸ் சம்மட்டியைத் தோளுக்கு ஏற்றினார். வாழ்க்கையில் தான் உருப்படியாகச் செய்த ஒரே பொருளைக் கடைசியாக ஒருமுறை பார்த்தார். மனசு வலித்தது. ஓங்கி அடித்தார்.

நசுங்கும் என்றுதான் நினைத்தார். அது காய்ந்த ரஸ்க் போல் நொறுங்கியது. கன்னத்தகடு ஒரு பக்கம், மூக்குத்தகடு ஒரு பக்கம், மீதி பொடிப்பொடியாகச் சிமெண்ட் மூட்டையின் மேல் கிடந்தது. உடைந்த இடத்திலும் பச்சைதான். புழுக்கை எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது பாருங்கள் என்று காட்டினார் பாண்டெலிஸ்.

 பிறகு அனெஸ்டிஸ் நீண்ட பெருமூச்சு விட்டுத் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"போதும், சம்பந்தி, நான் நம்பறேன். அசலைச் சம்மட்டியால அடிக்கிறவன் இந்த நாட்டுலயே பொறந்திருக்க மாட்டான்."

டாக்டர் ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மட்டமான சரக்கு, பார்த்தவுடனேயே தனக்குச் சந்தேகம்தான், மனசு நோகக்கூடாதே என்று சொல்லவில்லை என்றார். காவலர்களைக் கூட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி காத்திருப்பவரிடம் திரும்பிப் போனார்.

அனெஸ்டிஸ் ஆபீசுக்குப் போன் செய்து, தன் சம்பந்தியின் விளையாட்டுச் சாமான் ஒன்றால் வீண் சிரமம் கொடுத்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். அவர்களும் சந்தோஷமாக ஆள் அனுப்பாமல் விட்டார்கள். அக்ரோன் சிகரெட்டை அணைத்தான். சாயங்காலத்துக்குள் அஸ்திவாரக் குழி முழுசாகத் தோண்டியாயிற்று. தலைக்கவசத்தின் துண்டுதுணுக்குகள், பாதாம் வேர்கள், மண் எல்லாமே லாரியில் ஏறி, புது ரோட்டுப் பள்ளத்தை நிரப்பப் போய்விட்டன. அடியில் முதல் கான்கிரீட்டும் விழுந்தது.

தோட்டத்தில் மேசை போட்டார்கள். திராட்சைச் சாராயமும் ஆலிவும் வறுத்த மத்தி மீனும் வந்தன. அனெஸ்டிஸ் மருமகளின் நெற்றியில் முத்தமிட்டு, எந்த ஊருக்கும் யாரும் போக வேண்டாம் என்றார். இரண்டு சம்பந்திகளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பாண்டெலிஸ் ஓங்கியடித்த கதையை மூன்றாவது முறையாக, இந்தத் தடவை சம்மட்டியை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் போயிருந்த அர்கிரோ இரண்டு கையிலும் பையோடு வந்தாள். முழுவதையும் நின்றபடியே கேட்டாள். பைகளைக் கீழே வைத்தாள்.

"உன் தலைக்கவசமா? பொக்லைன் வருதேன்னு அதை நான் போன வாரமே தோண்டி எடுத்துட்டேனே, பாண்டெலி. கொட்டகையில கோழி அதுல அடை உக்காந்திருக்கு."