பறவை வசிப்பிடச் சான்று

ஒரு மரத்தை வெட்ட வேண்டுமென்றால் முதலில் அதற்கு எண் போட வேண்டும். அதுதான் முறை. எண் இல்லாத மரத்தை வெட்டுவது குற்றம். எண் போட்ட மரத்தை வெட்டாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். பாலக்கோட்டில் எங்கள் தெரு வீடுகளுக்குப் பின்னால் சாக்கடை வருவதாக முடிவானதும், சுகுணா வீட்டுப் பின்பக்கத்துப் புங்க மரத்தில் சிவப்புப் பெயிண்டில் 14 என்று எண் விழுந்தது. தெருவில் இருந்ததே அந்த ஒரு மரம்தான். மற்ற பதின்மூன்றும் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

சுகுணா வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறவர். பாதியாக அறுத்த தண்ணீர் கேன் ஒன்றைக் கம்பியில் கட்டிப் புங்கங்கிளையில் தொங்கவிட்டு, தினமும் அதில் சாமையும் நொய்யும் போடுவார். சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி, மைனா என்று ஒரு கூட்டமே வரும். அடுப்படி ஜன்னல் வழியாகச் செல்போனில் படம் பிடிப்பார். நானூற்றுச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றிலும் மரம் இலை இலையாகத் தெளிவாக இருக்கும். பறவைதான் எங்கோ கடுகளவு இருக்கும். "வால் தெரியுது பாருங்கண்ணா" என்று ஆசையாகக் காட்டுவார்.

நான் பக்கத்துத் தெருவில் ஸ்டுடியோ வைத்திருப்பவன், பெயர் கலைவாணன். அந்தப் படங்களைப் பார்க்க எனக்குச் சகிக்காது. இப்போதெல்லாம் கல்யாணமோ காதுகுத்தோ, பின்னணி மங்கினால்தான் படம். பின்னால் பெண்ணைப் பெற்ற மாமனாரே நின்றாலும் புகை மாதிரிதான் தெரிய வேண்டும். அதற்கென்றே ஒரு லென்ஸ் வாங்கியிருக்கிறேன்.

பறவை வசிக்கும் மரத்தை வெட்டக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக யாரோ சுகுணாவிடம் சொன்னார்கள். வசிக்கிறது என்பதற்குச் சான்று வாங்க வேண்டும். சான்று தரும் ஆபீஸில் மாதவராஜ் சார் இருந்தார். நல்ல மனிதர். யாரையும் இல்லை என்று சொல்லி அனுப்ப மாட்டார். நாளைக்கு என்று சொல்லித்தான் அனுப்புவார். துணைக்கு நானும் போனேன்.

அவர் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"பறவை இருக்குது. மனுதாரர் எங்கங்கம்மா?"

"போட்டோ புடிச்சதே நான்தானுங்க சார். அதுல நான் எப்படி இருப்பேன்?"

"அதுதான் சிக்கல். பயனாளியும் பறவையும் ஒரே படத்துல இருக்கணும். மாட்டுக் கொட்டாய்க்கும் அப்படித்தான், கக்கூசுக்கும் அப்படித்தான். பறவைக்கு மட்டும் சலுகை காட்ட முடியுங்களா?"

"ஆளைக் கண்டா பறந்துருமுங்க."

"அது பறவையோட ஒத்துழைப்பின்மை. அதுக்கு ஆபீஸ் பொறுப்பாகாது."

படங்கள் தள்ளுபடியாயின.

மறுநாள் காலையிலிருந்து சுகுணா மரத்துக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தார். உள்ளங்கையில் சாமை, தலையில் கொஞ்சம் நொய், தினமும் அதே பச்சைப் புடவை. கொசு கடித்தாலும் அசையமாட்டார். முதல் வாரம் காக்காய்கூட எட்டிப் பார்க்கவில்லை. தைக்காத ஜாக்கெட்டுகள் குவிந்தன, கொடுத்தவர்கள் வந்து சத்தம் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் ஒரு சிட்டுக்குருவி கையில் உட்கார்ந்தது. பதினேழாம் நாள் கையில் இரண்டு, தோளில் ஒரு மைனா, தலை உச்சியில் ஒரு கொண்டைக்குருவி. சுகுணாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. துடைத்தால் பறந்துவிடுமே என்று துடைக்கவில்லை. என் லென்ஸைப் போட்டு எடுத்தேன். வாழ்நாளில் நான் எடுத்த நல்ல படம் அதுதான்.

மாதவராஜ் சார் அசந்துபோனார். உடனே தன் செல்போனில் ஒரு காப்பி எடுத்துக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைப் போட்டார்.

"மரம் எங்கங்க?"

"பின்னால இருக்குதுங்க சார், மங்கலா" என்றேன்.

"என்னமோ பச்சையா இருக்குது. அதை மரம்னு எழுத முடியாது. பச்சைன்னு வேணா எழுதலாம்."

"பழைய படத்துல மரம் நல்லாத் தெரியுதுங்களே சார்" என்றார் சுகுணா.

"அது தள்ளுபடி ஆன படம். அதைப் பாக்க எனக்கு அதிகாரமில்லை."

"வூடு பத்து நிமிஷம்தானுங்க. ஒருக்கா நேர்ல வந்து பாத்துருங்க."

"நேர்ல பாத்தா அதுக்கு ஆதாரம் ஏதுங்கம்மா? சரி, பறவை எது மேல உக்காந்திருக்குது?"

"என் மேலங்க."

"ஆங்" என்று எழுதிக்கொண்டார்.

எந்தக் காகிதமும் மூன்று மாதத்துக்குக் குறைவாக வராத அந்த இடத்திலிருந்து, மூன்றே நாளில் ஆணை வந்தது. 'பறவைகள் மேற்படி மனுதாரர் மீதே வசித்து வருவது புகைப்படத்தின் வாயிலாக ஐயமற உறுதியாவதாலும், மரம் எண் 14 புகைப்படத்தில் காணப்படாததாலும், மேற்படி மரத்தை அகற்ற ஆட்சேபணை இல்லை. பறவைகளின் நலன் கருதி, மனுதாரர் திருமதி சுகுணாவை வெட்டவோ, அகற்றவோ, கிளை கழிக்கவோ கூடாது.'

மெஷின் ரம்பத்தோடு வந்த சென்றாயன் ஆணையை இரண்டு தடவை படித்தார்.

"தள்ளி நில்லுங்கக்கா. உங்க மேல ஒரு சிராய்கூடப் படக்கூடாதுன்னு போட்டிருக்குது."

நாற்பது நிமிட வேலை. இரண்டு கூடுகள் விழுந்தன. கூடு பற்றி ஆணையில் ஒன்றுமில்லை.

மாதவராஜ் சாரின் செல்போனிலிருந்து அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியது. அரூரிலிருந்துகூட என் ஸ்டுடியோவுக்கு ஆட்கள் வந்தார்கள். எல்லோருக்கும் 'சுகுணா மாதிரி' படம் வேண்டும்: தலையில் குருவி, தோளில் மைனா, பின்னால் அதே பச்சை மங்கல். நல்ல பிளாஸ்டிக் குருவிகளாகப் பார்த்து இரண்டு டஜன் வாங்கிப் போட்டேன். மாதவராஜ் சாரே குடும்பத்தோடு வந்தார். தோளில் ஒன்று போதும், தலையில் உட்கார்ந்தால் பதவிக்குப் பொருந்தாது என்றார். ஒருத்தர்கூட மரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பச்சை மங்கலுக்குத்தான் இப்போது ஊரில் வழியில்லை. எட்டு மீட்டர் பச்சைத் துணி எடுத்து, ஓரம் அடித்துத் தரச் சொல்லி சுகுணாவிடம் கொடுத்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

நேற்று அவரே துணியைக் கொண்டுவந்தார். வரிசையில் நின்றவர்கள் அடையாளம் கண்டு கைதட்டினார்கள். அவர் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணா, அந்தப் படத்துல பின்னால இருக்கறதை மட்டும் கொஞ்சம் தெளிவாக்கித் தர முடியுங்களா?"

"முடியாதும்மா" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். தையல் நேராக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இருந்தது. துணியைச் சுவரில் கட்டினேன். அடுத்து நின்றவர் தலையில் குருவியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்.

"அண்ணே, பின்னால நல்லா மங்கட்டும்."

"மங்கும், உக்காருங்க" என்றேன்.