கேஸ் அண்ணாச்சி போட்ட விண்ணப்பம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருடமாகத் தயங்கிக்கொண்டிருந்தேன். எழுதினால் என் குட்டும் வெளிப்பட்டுவிடும். ஆனாலும் மாரியம்மன் சாட்சியாகச் சொல்கிறேன்: விருதுநகரிலிருந்து சிவகாசி வரைக்கும், தன் பெயரைச் சொல்லும் முன்பே தன்னைப் போலீஸ் பிடித்ததைச் சொல்லிவிடுகிற மனிதர் எங்கள் தெரு ‘கேஸ் அண்ணாச்சி’ ஒருவர்தான்.

பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தவர். மருந்து அடைக்கும் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சட்டம். தீபாவளி சீசன், ஆர்டர் நெருக்கடி. முதலாளி சொன்னாரென்று எட்டுப் பேரை உட்கார வைத்தார். அன்றைக்கென்று பார்த்துச் சோதனை வந்தது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அண்ணாச்சியை மட்டும் ஜீப்பில் ஏற்றினார்கள். கேஸ் ஒருவழியாக முடிந்தது. அவருக்குத்தான் முடியவில்லை.

எங்கே வேலை கேட்டுப் போனாலும், “வணக்கம், என்னைய ஒருக்கா அரெஸ்ட் பண்ணிருக்காக” என்றுதான் ஆரம்பிப்பார். மிளகாய் மண்டியில் சொன்னார், அச்சாபீசில் சொன்னார். பல்பொடி வாங்கப் போன கடையிலும் சொன்னார்.

“பல்பொடிக்கு எதுக்கு அண்ணாச்சி இதெல்லாம்?” என்று பதறினார் கடைக்காரர்.

“நாளைக்கே நீங்க வேலைக்கு ஆள் தேடலாம்ல?”

இரண்டு வருடம் வேலையில்லை. அவர் மனைவி, எங்கள் மதினி, வீட்டிலிருந்தே வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டித்தான் உலை கொதித்தது. அப்போதுதான் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு புது ஆலையில் போர்மேன் வேலை வந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்குமென்று விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். திருநீறு பூசாமல் வாசல் தாண்டாத நான், ‘போலீஸ் வழக்கு உண்டா?’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிட்டேன்.

“என்னலே எழுதிருக்க?”

“மதினி முகத்தைப் பாருங்க அண்ணாச்சி. இந்த ஒருக்கா வாயை மூடுங்க.”

“நெத்தியில அம்புட்டுத் துன்னூறு பூசிக்கிட்டு இப்படி எழுதுறியே, ஏலே! அடி அதை.”

அடித்தேன். அரெஸ்ட் ஆன கதையை அவரே எழுதினார், கட்டம் பத்தாமல் பின்பக்கம் வரைக்கும்.

துணைக்கு நானும் போனேன். ஆலைக்குள் ஒரு வேலை அறையில்தான் ஆள் தேர்வு. வாசலில் ‘நான்கு பேர் மட்டும்’ என்று பலகை. உள்ளே முதலாளி, மேனேஜர், கணக்குப்பிள்ளை, எங்களுக்கு முன்னால் போய் இன்னும் வெளியே வராத ஒருத்தர். “அடுத்த ஆள் உள்ள வாங்க” என்றார் முதலாளி. அண்ணாச்சி படியிலேயே நின்றார்.

“உள்ள நாலு பேர் இருக்கீக. அஞ்சாவதா நான் வர மாட்டேன்.”

“அட, இங்க இன்னும் மருந்தே வரலைங்க!”

“அன்னைக்கும் ஒரு நாள்தானேன்னாக. எட்டுப் பேரை உக்கார வச்சேன், போலீஸ் பிடிச்சாக. பிடிச்சது நல்லதுங்க. ஒரு பொறி பறந்திருந்தா எட்டு வீட்டு வாசல்ல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிப்பேன்?”

நான் முருகனைக் கூப்பிட ஆரம்பித்தேன். முதலாளி பலகையைப் பார்த்தார், அறையைப் பார்த்தார். பிறகு அவரே எழுந்து வெளியே வந்தார்.

“காலையிலருந்து பதினோரு பேர் வந்தாக. ஒருத்தரும் இந்தப் பலகையைப் பாக்கல, நான் உட்பட. எப்ப வாரீக வேலைக்கு?”

திரும்பும் பஸ்ஸில் அண்ணாச்சி கண்டக்டரிடம் இரண்டையும் சொன்னார்: வேலை கிடைத்ததையும், அரெஸ்ட் ஆனதையும். இன்று அந்த ஆலையில் அஞ்சாவதாக முதலாளி தலையை நீட்டினாலும் வெளியே விரட்டுகிறார்.

படித்தவர்கள் தெரிந்தவர்களுக்கும் சொல்லுங்கள். அவர் கைதானதை மறைக்காதீர்கள், ‘இல்லை’ என்று எழுதியது நான்தான் என்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு சொல் மாறினாலும் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். அவர் ஒரு நாள் என்னோடு பேசாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.