எகனாமிக்ஸ் படிச்சவ கிண்டின கேசரி

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கண்ணமங்கலத்துல ஒரு பொண்ணுங்க ஸ்கூலுக்குப் போகணும், கொஞ்ச நேரம் பேசணும், ஆரணிக்கு பஸ் ஏறி வந்துடணும். அவ்ளோதான்.

நான் அப்போ வேலூர்ல எம்.ஏ. எகனாமிக்ஸ் கடைசி வருஷம். ஸ்கூல்ல ப்ளஸ் டூன்னு புதுசா ஒண்ணு வந்திருந்த சமயம்.

எங்க தெருவுல தறிச் சத்தத்தை விட அதிகமா கேட்ட சத்தம், "எம்.ஏ. படிச்சிட்டு இவ இன்னா பண்ணப் போறா?"

எங்கப்பா பட்டு நெய்யறவரு. அந்தக் கேள்விக்கு மட்டும் அவருக்குக் காது கேக்காது. எங்கம்மாவுக்கு நல்லா கேக்கும். "போளூர்ல ஒரு மாப்பிள்ளை இருக்காரு. பரீட்சை முடியறதுக்குள்ள உனக்கு ஒரு வேலை கெடைச்சா தள்ளிப் போடலாம். இல்லன்னா ஆவணியில கல்யாணம்"னு கறாரா சொல்லிடுச்சு.

இந்த நெலமையிலதான் எங்கத்தை வந்துச்சு. அப்பாவோட தங்கச்சி. அந்த கண்ணமங்கலம் ஸ்கூல்ல தையல் டீச்சர்.

"கோமதி, உன்ன பத்தி எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் கிட்ட சொல்லிட்டேன்டி. எங்கண்ணன் பொண்ணு எகனாமிக்ஸ்ல எம்.ஏ. படிக்கிறான்னேன். அந்தம்மா துள்ளி குதிச்சிட்டாங்க! வெள்ளிக்கிழமை ஒரு விழா, அதுக்கு ஜல்தியா இட்டுகினு வாங்கன்னாங்க. தாளாளரும் வர்றாரு. நல்லா பண்ணிட்டீன்னா வேலை உனக்குத்தான்."

போதாதா?

வெள்ளிக்கிழமை அம்மாவோட கல்யாணப் புடவையைக் கட்டிகினு கெளம்பினேன். பட்டு நெய்யற வீடுதான். ஆனா எங்க வீட்ல தங்கின பட்டு அது ஒண்ணுதான்.

பஸ்ல கம்பியப் புடிச்சுகினு, தேவை விதி, அளிப்பு விதின்னு உதடு அசைய மனப்பாடம் பண்ணிகினே போனேன். பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா ரொம்ப நேரம் பார்த்துட்டு கேட்டுச்சு: "இன்னாம்மா, படவேட்டு அம்மனுக்கு வேண்டுதலா?"

"இல்லீங்க, எகனாமிக்ஸ்."

"எதுவா இருந்தா இன்னா, அம்மன் பாத்துக்குவா"ன்னு தைரியம் சொல்லிச்சு.

ஸ்கூல் வாசல்ல பெருசா ஒரு போர்டு: மனையியல் மன்றத் தொடக்க விழா.

அடடா, பாவம், ஒரே நாள்ல ரெண்டு விழா வெச்சிருக்காங்களேன்னு நெனச்சேன். இவ்ளோ புத்திசாலிதான் எம்.ஏ. படிச்சிகினு இருந்தேன்!

பன்னீர் தெளிச்சாங்க. மாலை போட்டாங்க. மேடையில மைக் இருந்தது. மைக்குக்குப் பக்கத்துல ஒரு மேஜை. மேஜை மேல பம்ப் ஸ்டவ், வாணலி, ரவை, சக்கரை, நெய், கலர் பவுடர். பேசி முடிச்சதும் டிபன் போடுவாங்க போலன்னு சந்தோஷமா உக்காந்தேன்.

ஹெட்மிஸ்ட்ரஸ் மைக்கைப் புடிச்சாங்க.

"மாணவிகளே! நம்ம மனையியல் டீச்சர் பிரசவ லீவுல போனதுலருந்து நீங்க வருத்தமா இருக்கீங்க. அந்தக் குறையைத் தீர்க்க, வேலூர்ல ஹோம் எகனாமிக்ஸ் எம்.ஏ. படிக்கிற செல்வி கோமதி வந்திருக்காங்க. இப்போ நமக்காக ரவா கேசரி செஞ்சு காட்டுவாங்க!"

ஒரே கைதட்டல்.

ஹோமா? அது எங்கிருந்து வந்து ஒட்டிச்சு?

முதல் வரிசையில இருந்த அத்தையைப் பார்த்தேன். அத்தை ரெண்டு கையையும் வாய் மேல வெச்சிருந்தது.

"மேடம்... நான் வந்து..."ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் காதுல ஆரம்பிச்சேன்.

"கூச்சப்படாதீங்கம்மா. தாளாளர் ஐயாவே உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்காரு."

முன்னாடி சோபாவுல வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில ஆஜானுபாகுவா ஒருத்தர். வேலை குடுக்கற கை அவரோடதுதான். போளூர் மாப்பிள்ளை ஒரு தடவை மனசுல வந்துட்டுப் போனாரு. சரி, ஒரு கேசரிதானே, எகனாமிக்ஸை விட கஷ்டமாவா இருக்கப் போவுதுன்னு எழுந்துட்டேன்.

ஒரு விஷயத்தை இங்க சொல்லிடறேன். எங்க வீட்ல நான் அடுப்பாண்ட போனாலே அம்மா "போய் படிடி"ன்னு தொரத்திடும். இந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் அம்மா பேச்சைத் தட்டினதே இல்ல.

மொதல்ல ஸ்டவ்வு. எவ்ளோ பம்ப் அடிக்கணும்னு தெரியாம அடிச்சுகினே இருந்தேன். தீக்குச்சியைக் காட்டினதும் குப்புன்னு எழுந்த நெருப்பு, மேல கட்டியிருந்த காகிதத் தோரணத்தைத் தொட்டுப் பார்த்துட்டு எறங்கிச்சு. முதல் வரிசைப் பொண்ணுங்க பெஞ்சோட பின்னாடி நகந்துச்சுங்க.

அத்தை ஓடி வந்து ஸ்டவ்வைக் கொறைச்சுட்டு, "முந்தானையைச் சொருவுடி, பாவி!"ன்னு பல்லைக் கடிச்சிச்சு.

"தையல் டீச்சர், நீங்க கீழ வாங்க. அவங்க படிச்சவங்க, பாத்துக்குவாங்க"ன்னு ஹெட்மிஸ்ட்ரஸ் எறக்கி விட்டுட்டாங்க.

வாணலியில தண்ணிய ஊத்தினேன். அது கொதிக்கிறதுக்குள்ள ரவையை அப்படியே கவுத்தேன்.

ஒரு பொண்ணு எழுந்தா. "மிஸ், ரவையை வறுக்க வேணாமா?"

"அது பழைய முறைம்மா."

"எல்லாரும் நோட்ல எழுதிக்கங்க"ன்னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ். அத்தனை பொண்ணுங்களும் எழுதிச்சுங்க!

உள்ள கட்டி கட்டியா உருண்டுச்சு. நான் கிண்டக் கிண்ட கரண்டி என்னைக் கிண்டிச்சு. அத்தை கீழருந்து ஜாடை காட்ட ஆரம்பிச்சது. ரெண்டு விரலைச் சேர்த்து காட்டிச்சு. கலர் பவுடர் ஒரு சிட்டிகைன்னு புரிஞ்சுது. போட்டேன். உடனே அஞ்சு விரலையும் விரிச்சு காட்டிச்சு.

அஞ்சா? சரின்னு ஸ்பூனை எடுத்து அஞ்சு ஸ்பூன் போட்டேன்.

அத்தை தலையில கைய வெச்சுகிச்சு. அது "போதும்"னு காட்டின கையாம். எனக்கெப்படித் தெரியும்?

கேசரி நிறத்தையெல்லாம் தாண்டி, எங்கப்பா மொகூர்த்தப் புடவைக்கு எடுப்பாரே, அந்த அரக்கு நிறத்துக்குப் போயிடுச்சு. என் கையும் அதே கலர். கரண்டியை நட்டா நிக்குது. எடுத்தா வாணலியும் கூடவே வருது.

"மொதல்ல ஐயாவுக்குக் குடுங்க"ன்னாங்க ஹெட்மிஸ்ட்ரஸ்.

ஐயா ஒரு ஸ்பூன் வாயில போட்டாரு. மென்னாரு. இன்னும் மென்னாரு.

கடைசியா, "கெட்டியா இருக்கும்மா"ன்னாரு. பல்லு பூரா செவப்பு.

இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. தைரியம் வந்துடுச்சு. "ஐயா, இன்னொரு ஸ்பூன்?"

"வேணாம்மா!" ரெண்டு கையையும் ஆட்டினாரு.

நான் சட்டுனு மைக்கைப் புடிச்சுகினேன். "பாத்தீங்களா மாணவிகளே! மொத வாய்க்கு இருந்த ஆசை ரெண்டாவது வாய்க்கு இல்ல. ஒரு பொருளைத் திரும்பத் திரும்ப அனுபவிச்சா அதுல கெடைக்கிற திருப்தி கொறைஞ்சுகினே போவும். இதுக்குப் பேர்தான் குறைந்து செல் பயன்பாட்டு விதி!"

அதுக்குள்ள தட்டு பின் வரிசை வரைக்கும் போயிருந்தது. அங்க ஒரு ரெட்டைச் சடைப் பொண்ணு எழுந்தா. நாக்கு, உதடு எல்லாம் அரக்கு.

"மிஸ், எனக்கு மொத வாய்லயே கொறைஞ்சிடுச்சு!"

"உக்காரும்மா. அதுக்குப் பேர் எதிர்மறைப் பயன்பாடு. அடுத்த பாடத்துல வரும்."

மொதல்ல சிரிச்சது தாளாளர்தான். அப்புறம் ஹாலே சிரிச்சுது. ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் சிரிக்கல. என் கிட்ட வந்து மெதுவா கேட்டாங்க: "நீங்க எந்த எகனாமிக்ஸ்மா?"

"வெறும் எகனாமிக்ஸ் மேடம். பொருளாதாரம். வீட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"அய்யோ, மொதல்லயே சொல்லக் கூடாதா! ப்ளஸ் டூவுக்கு பொருளாதாரம் நடத்த ஆளே கெடைக்காம, சரித்திர வாத்தியாரை வெச்சு ஓட்டிகினு இருக்கோம்!"

தாளாளர் வாயைத் துடைச்சுகினே வந்தாரு. "அவரு நடத்தினா பசங்க தூங்குது. இந்தப் பொண்ணு நடத்தினா முழிச்சுகினு கேள்வி கேக்குது. பரீட்சை முடிச்சிட்டு வந்து சேரும்மா. இப்போதைக்கு தற்காலிகம்தான். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லுங்கய்யா."

"ஸ்கூல் சமையல் ரூம் பக்கம் நீ வரக் கூடாது."

சந்தோஷமா ஒத்துகினேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா மொதல்ல புடவையைத்தான் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. அதுல ஒரு பொட்டு கறை இல்ல. அப்புறம் என் கையைப் பார்த்துச்சு.

"இன்னாடி, மருதாணி வெச்சுகினு வந்திருக்க? போளூருக்கு சரின்னுட்டியா?"

அன்னியிலருந்து யார் என்ன படிச்சேன்னு கேட்டாலும் எகனாமிக்ஸ்னு சொல்றதில்ல. பொருளாதாரம்னு சுத்தத் தமிழ்ல சொல்றேன். உடனே கேக்கறாங்க, "அப்படியா, அப்ப தங்கம் வெலை எப்போ எறங்கும்?"