மாப்பிள்ளை மாற்றிவைத்த ஷெல்

உ
முருகன் துணை

ஆம்பூர்,
12-8-1988.

அன்புள்ள மைத்துனன் ராஜகோபாலுக்கு, செங்கல்வராயன் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அக்கா கமலவேணியும், ஆடிக்கு வந்திருக்கும் மகள் விஜயகுமாரியும் உடம்பளவில் சௌக்கியம். அங்கு நீயும் சுந்தரியும் குழந்தைகளும் எல்லா விதத்திலும் சௌக்கியமாக இருக்க வேண்டும். உடம்பளவில் என்று நான் எழுதியதை நீ கவனித்திருப்பாய். மனசளவில் நான் சரியாக இல்லை. மூன்று வாரமாக இதே கதைதான். இந்தக் கடிதத்தை உன் ஆபீஸ் விலாசத்துக்கு எழுதுவதும் பயத்தினால்தான். வீட்டுக்கு அனுப்பினால் சுந்தரி பிரித்துப் படித்துவிட்டு விஜயாவுக்கு ஒரு கார்டு போட்டுவிடுவாள். ஆகவே படித்ததும் கிழித்துவிடு. கிழிப்பதற்கு முன்னால் பதில் எழுதிவிடு.

ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிற எங்கள் அப்பர் கம்பெனியில் ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் முதலாளி அஹமது பாஷா சாயபு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதும், ஏற்றுமதி செக்‌ஷன் ஹெட் கிளார்க் என்ற முறையில் அதை என் தலையில் கட்டியதும் உனக்குத் தெரியும். ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து ஒயர் இழுத்து நாலு மேஜையில் நாலு திரை. விற்ற கம்பெனியின் இன்ஜினீயர் வந்து, வரிசையாக இதையிதை அடித்தால் பேக்கிங் லிஸ்ட் வரும் என்று பதினோரு வரி சொன்னார். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, ஒரு வரி பிசகாமல் அடித்து லிஸ்ட் எடுத்து, மாதா மாதம் கன்டெய்னரை மெட்ராஸ் துறைமுகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆளுக்கொரு பெயர் போட்டு உள்ளே போங்கள் என்று அந்த இன்ஜினீயர் படித்துப் படித்துச் சொன்னார். ஒரு செக்‌ஷனுக்கு எதற்கு நாலு பெயர் என்று நான்தான் மறுத்துவிட்டேன். அதனால் ரூட் என்ற ஒரே பெயரில்தான் நானும், டைப் அடிக்கிற குர்ஷித்தும், மற்ற எல்லோரும் உள்ளே போய் வருகிறோம். இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. செருப்புக்கு இந்த ஊரில் பஞ்சமும் இல்லை.

ஆடி முதல் தேதிக்கு மாப்பிள்ளை வீரபாகு வந்திருந்தார். வைகாசியில் கல்யாணமாகி அவருக்கு நாம் செய்கிற முதல் விருந்து. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர் ஆயிற்றே என்று, மறுநாள் பெருமையாகக் கம்பெனிக்கு அழைத்துப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. முதல் திரையின் முன்னால் உட்கார்ந்து நாலு எழுத்து அடித்துப் பார்த்தவர், "இன்னா மாமா, இன்னும் இதையே வச்சிக்கினு இருக்கீங்க?" என்றார். நாம் அடிக்கிற உத்தரவை வாங்கி இயந்திரத்துக்கு எடுத்துச் சொல்ல உள்ளே ஒரு சமாசாரம் இருக்கிறதாம். அதற்கு ஷெல் என்று பெயராம். எங்களிடம் இருப்பது வாங்கும்போதே கூட வந்த பழசாம். "எல்லா மிஷின்லயும் பொதுவா இதைத்தான் போட்டு அனுப்புவாங்க மாமா. இதே மிஷின்ல புதுசு ஒண்ணும் இருக்குது. நீங்க அடிச்சதையெல்லாம் அது ஞாபகம் வச்சிக்கும்." "நான் அடிச்சதை அது எதுக்கு மாப்பிள்ளை ஞாபகம் வச்சிக்கணும்?" என்று கேட்டேன். "ரெண்டு ஆச்சரியக்குறி போட்டா போதும், போன தடவை சொன்னதை அதுவே திரும்பச் செஞ்சிடும். இது நான் உங்களுக்குப் பண்றதா இருக்கட்டும் மாமா" என்றார். முதல் ஆடிக்கு வந்த மாப்பிள்ளை அப்படிச் சொன்னால் வேண்டாம் என்று எந்த மாமனார் சொல்லுவான்? ஒரு ஃபைலைத் திறந்தார், ரூட் என்று ஆரம்பிக்கிற வரியின் கடைசியில் இருந்த பழைய ஷெல்லின் பெயரை அழித்தார், புதியதின் பெயரை எழுதினார். முதலாளி டீயும் பிஸ்கட்டும் வரவழைத்தார். விஜயாவை எங்களிடம் விட்டுவிட்டு, ஆவணி பிறந்ததும் வந்து அழைத்துப்போவதாகச் சொல்லி அன்று சாயங்காலமே மாப்பிள்ளை ரயிலேறிவிட்டார்.

மறுநாள் காலை நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மூன்று வரி ஒழுங்காகப் போயிற்று. எந்த மாதத்து லிஸ்ட் என்று சொல்லுகிற நாலாவது வரியை அடித்ததும், அப்படி ஓர் உத்தரவே கிடையாது என்று இங்கிலீஷில் பதில் வந்தது. ஒன்றரை வருஷமாக இருந்த உத்தரவு ராத்திரியோடு ராத்திரியாக எங்கே போகும்? பழைய ஷெல்லுக்குப் புரிந்த பேச்சு புதியதற்குப் புரியவில்லை போலிருக்கிறது. பதற்றத்தில் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக, போன மாத லிஸ்ட் அறுபத்திரண்டு பக்கமும் பிரின்டரில் ஓடத் தொடங்கிவிட்டது. அது முடிந்ததும், மாப்பிள்ளை சொன்ன ஆச்சரியக்குறி ஏதாவது வழி காட்டாதா என்று இரண்டு போட்டேன். மறுபடியும் அதே அறுபத்திரண்டு பக்கம். ஒருவேளை சரியாக அழுத்தவில்லையோ என்று இன்னும் இரண்டு போட்டேன். "சார், கைய எடுங்க சார், பேப்பர் ஜன்னல் வரைக்கும் போய்டுச்சி" என்று குர்ஷித் ஓடி வந்து பிரின்டர் ஸ்விட்சை அணைத்தாள். அப்புறம் அவளும் நானுமாக ஒவ்வொரு வரியாகப் போராடி, ஒரு மணி நேர வேலையை ஒரு நாளில் முடித்தோம். மறுநாளும் அப்படியே. வீட்டுக்கு வந்தால் விஜயா வாசலிலேயே நின்றுகொண்டு, "அவரு போட்டுக் குடுத்தது நல்லா ஓடுதாப்பா?" என்று கேட்பாள். கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகாத பெண் அப்படி முகம் மலரக் கேட்கும்போது வேறென்ன சொல்வது? தங்கமாக ஓடுகிறது என்றேன். தினமும் கேட்டாள், தினமும் சொன்னேன். அவளும் அதை அப்படியே பெங்களூருக்கு எழுதிக்கொண்டிருக்கிறாள்.

"அவரையே ஒரு வார்த்த கேட்டா இன்னா? மென்னு முழுங்கினா ஆச்சா?" என்றாள் உன் அக்கா. நீயே சொல், மாப்பிள்ளை ஆசையாகச் செய்து கொடுத்ததை வேண்டாம், எடுத்துவிட வழி சொல்லுங்கள் என்று அவருக்கே எழுதினால் அவர் என்ன நினைப்பார்? அவர் வீட்டார் என்ன நினைப்பார்கள்? பெண் அந்த வீட்டில் வாழ வேண்டியவள். விற்ற கம்பெனி இன்ஜினீயரைக் கூப்பிடலாம் என்றால், வெளி ஆள் கை வைத்தது தெரிந்த நிமிஷமே நாங்கள் பொறுப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஆகவே போன வெள்ளிக்கிழமை, ராகுகாலம் கழித்து, நானே பழைய ஷெல்லுக்கு மாற்றிவிடுவது என்று முதல் திரையில் உட்கார்ந்தேன்.

மாப்பிள்ளை திறந்த அதே ஃபைலைத் திறந்தேன். அதே வரிக்கும் போய்விட்டேன். அங்கேதான் என் இருபத்தொன்பது வருஷ சர்வீஸ் குறுக்கே வந்தது. தோல் லாட் ரிஜிஸ்டரில் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது, தப்பானது தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, சின்னக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும் என்றுதான் நான் இத்தனை வருஷமும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதிலும் இது மாப்பிள்ளை எழுதியது, அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. கோடு போட அந்த இயந்திரத்தில் வழியும் தெரியவில்லை. ஆகவே புதியதின் பெயரை அப்படியே இருக்கவிட்டு, பக்கத்தில் பழையதின் பெயரை எழுதி, என் இனிஷியலைப் போட்டு, தேதியும் போட்டு ஃபைலை மூடினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து குர்ஷித் இரண்டாவது திரையில் உள்ளே போகப் பார்த்தாள். ஷெல் இல்லை என்று சொல்லி அது அவளை வெளியே தள்ளிவிட்டது. மூன்றாவதிலும் அதே கதை, நாலாவதிலும் அதே கதை. என் இனிஷியலையும் தேதியையும் சேர்த்து அந்த நீளமான பெயரில் ஒரு ஷெல்லை அது தேடுகிறதாம். குர்ஷித்தான் இதைக் கண்டுபிடித்தாள். நான் உட்கார்ந்திருந்த முதல் திரை மட்டும் முன்பே உள்ளே போயிருந்ததால் பிழைத்துக் கிடக்கிறது. அதிலிருந்தும் வெளியே வந்துவிட்டால், உலகத்தில் யாராலும் அந்த இயந்திரத்துக்குள் போக முடியாது.

அந்தத் திரையிலேயே திருத்தினால் என்ன என்று நீ கேட்பாய். ஒரு தடவை திருத்தி மூன்று திரையைத் தொலைத்தவன் நான். இன்னொரு தடவை கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை. குர்ஷித் தானே செய்கிறேன் என்றாள், அவளையும் விடவில்லை. எட்டு நாளாக, லிஸ்ட் அடிக்கக்கூட யாரையும் விடாமல், அந்த ஒரு திரைக்குக் காவல் போட்டிருக்கிறேன். பகலில் நானும் குர்ஷித்தும் மாறி மாறி, அப்புறம் வாட்ச்மேன் பெருமாள். "ஆளுங்க தொடாம நான் பாத்துக்கறேன் சார், எலி ஒயரக் கடிச்சா இன்னா செய்றது?" என்று அவன் கேட்டதிலிருந்து எனக்கு எலிப் பயமும் சேர்ந்துகொண்டது. பெருக்குகிற சவுரியம்மாள் ஈரத்துணியோடு அந்த மேஜைப் பக்கம் வந்தபோது நான் போட்ட சத்தத்தில், அவள் துணியைப் போட்டுவிட்டுத் தோல் கிடங்கு வரைக்கும் ஓடிவிட்டாள். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. பேட்டரிப் பெட்டி இருபது நிமிஷம் தாங்கும். அது கீச்சு கீச்சென்று கத்த, நான் ஜெனரேட்டர் ஷெட்டுக்கு ஓட, பதினேழாவது நிமிஷத்தில்தான் அது பிடித்தது. வள்ளிமலை முருகனுக்கு மொட்டை வேண்டிக்கொண்டேன். அது போதாதென்று குர்ஷித்தையும் துவா செய்யச் சொன்னேன். "எதுக்கு சார்?" என்றாள். "கரண்டுக்கும்மா" என்றேன்.

நேற்று முதலாளி வந்து நின்றார். "இன்னா செங்கல்வராயன், நாலு வாங்கிப் போட்டேன், மூணு தூங்குது?" என்றார். ஆடி மாசம், வேலை கம்மி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நமக்குத்தான்யா ஆடி. ஜெர்மன்காரனுக்கு ஏது ஆடி? இருபதாம் தேதி கன்டெய்னர் போவணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர். அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லிவிட்டேன். ரிடையர் ஆக இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது. கன்டெய்னர் நின்றால் நான் அதற்கு முன்பே வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஏன் போனான் என்ற கேள்வி பெங்களூர் வரைக்கும் போகும். விஜயா தலைகுனிந்து நிற்பாள்.

ஆகவே ராஜகோபாலு, உன்னை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை. கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறவன் நீ. பழையபடி அந்த முதல் ஷெல்லுக்குத் திரும்புவது எப்படி, எந்த விரலை எங்கே வைக்க வேண்டும் என்பதைக்கூட விடாமல், தெளிவாக எழுது. மாப்பிள்ளைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் தெரியக் கூடாது. தங்கைமாதிரியான சுந்தரிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து முன்னுக்கு வரட்டும், கம்ப்யூட்டர் மட்டும் படிக்க வேண்டாம். வள்ளிமலையான் உங்கள் எல்லோரையும் காப்பாற்றுவான், என்னையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
பதிலுக்குக் காத்திருக்கும்,
உன் மாமா
செங்கல்வராயன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை காலை. கவரை ஒட்டப் போகும்போது மாப்பிள்ளையின் இன்லாண்டு லெட்டர் வந்தது. உள்ளதை அப்படியே எழுதுகிறேன். "மாமா, தங்கள் இயந்திரத்தில் நான் போட்டது தங்கமாக ஓடுவதாக விஜயா மூன்று கடிதத்தில் எழுதியிருந்தாள். அந்தத் தைரியத்தில், மேனேஜரைக் கேட்காமல் எங்கள் ஆபீசிலும் அதையே மாற்றினேன். வெளியே வந்த பிறகுதான், எங்கள் இயந்திரத்தில் அந்தப் புது ஷெல்லையே ஏற்றவில்லை என்று தெரிந்தது. இரண்டு நாளாக யாரும் உள்ளே போக முடியவில்லை. யார் செய்தது என்று செவ்வாய்க்கிழமை விசாரிக்கப் போகிறார்கள். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அத்தையின் தம்பி மெட்ராசில் கம்ப்யூட்டர் ஆபீசில் இருக்கிறாரே, பழையதற்குத் திரும்புவது எப்படி என்று என் பெயரைச் சொல்லாமல் அவரைக் கேட்க முடியுமா? விஜயாவிடம் சொல்ல வேண்டாம். எனக்குப் பயமாக இருக்கிறது."

நான் சொன்ன பொய்தான் அந்தப் பிள்ளையைக் கவிழ்த்துவிட்டது. படித்ததும் விஜயாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முதலாளியிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். முதல் திரையைக் குர்ஷித் திருத்தினாலும் சரி, எலி கடித்தாலும் சரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பகல் வண்டியில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன், வாயால் சொன்னால் உன் எதிரில் அழுதுவிடுவேன். மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிட்டு இந்தப் பின்குறிப்பை மட்டும் படி, படித்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பு. ராத்திரி பெங்களூர் மெயிலில் நாம் இரண்டு பேரும் போகிறோம். காட்பாடியில் விஜயா ஏறிக்கொள்வாள். ஆடி முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறதே என்று உன் அக்கா தடுத்துப் பார்த்தாள். "அவரு அங்க தனியா பயந்துக்கினு இருக்காரும்மா" என்று சொல்லிவிட்டு விஜயா பெட்டியில் புடவையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.